உள்ளறை இல்லாத கட்டடம்

கட்டடம் என்றதும் சுவர், கூரை, உள்ளே புழங்க இடம் ஆகியவையே உங்கள் நினைவுக்கு வரும். ஆனால், உள்ளே நுழையவே முடியாத கட்டடமும் உண்டு. அதுதான் பௌத்தர்களின் ஸ்தூபி.

இறந்தோரின் எலும்பையோ சாம்பலையோ புதைத்து, மேலே மண்ணைக் குவிக்கும் வழக்கம் புத்தருக்கு முன்பே இருந்தது. புத்தரின் அஸ்தி எட்டுப் பங்காகப் பிரிக்கப்பட்டு, அவற்றின்மீது ஸ்தூபிகள் எழுப்பப்பட்டன என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. ஆக, மண்மேடே ஸ்தூபியின் முதல் வடிவம்.

மண்மேட்டின் அடி அகன்றும் முடி குறுகியும் இருக்கும். பாரம் முழுவதும் நேரே நிலத்தில் இறங்குகிறது. இடிந்து விழக் கூரை இல்லை. ஆனால் மழை அதைக் கரைத்துவிடுமே! அதனால்தான் மண்ணுக்குப் பதில் செங்கல்லும், பின்னர் கல்லும் வந்தன.

மத்தியப் பிரதேசத்திலுள்ள சாஞ்சிப் பெரிய ஸ்தூபியைப் பாருங்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அசோகர் காலத்தில், அது செங்கல்லால் கட்டப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் அதன்மீது கல் போர்த்திப் பெரிதாக்கினார்கள். இப்போது விட்டம் சுமார் 36.6 மீட்டர், உயரம் சுமார் 16.5 மீட்டர். அரைக்கோளப் பகுதிக்கு 'அண்டம்' என்று பெயர். அதன் தட்டையான உச்சியில் சதுரக் கல்வேலி. அதன் நடுவே மூன்றடுக்குக் குடை. குடை மரியாதையின் சின்னம் அல்லவா? அடியில், வலம் வருவதற்கான பாதை உள்ளது.

பாதையைச் சுற்றியுள்ள கல்வேலியில் ஒரு வியப்பு! தச்சர் மரத்தில் செய்வதுபோலவே, தூணில் துளையிட்டுக் குறுக்குக் கற்களைச் செருகியிருக்கிறார்கள். இக்குறுக்குக் கல்லின் பெயர் 'சூசி', அதாவது ஊசி. மரவேலையில் பழகிய முறை அப்படியே கல்லுக்கு மாறியிருப்பது தெரிகிறதல்லவா? தெற்கு வாயிலின் சிற்பத்தை விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் செய்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

1822இல் ஆங்கில அதிகாரி ஒருவர் இந்த ஸ்தூபியின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறந்தார். வீட்டில் ஒரு சன்னலை உடைத்தால் வீடு நிற்கும். திண்மையே பலமான ஸ்தூபியில் பிளவு விழுந்தால்? சரிவு ஏற்பட்டு, மேற்கு வாயில் வீழ்ந்தது. 1851இல் கன்னிங்காம் நடுவில் தோண்டியும் பேழை எதுவும் அகப்படவில்லை. 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் அதைச் சீரமைத்தார்.

உள்ளே தேடியவர்களுக்கு ஒன்றும் கிட்டவில்லை. ஈராயிரம் ஆண்டுக் கட்டடக் கலையின் வரலாறோ வெளியே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது.