மூடியும் காப்பியின் மணமும்

கடையில் நின்று பருகப் பொழுதில்லாதவர்கள் கையோடு எடுத்துச் செல்லும் காகிதக் கோப்பையின்மேல் பொருந்தியிருக்கும் பிளாஸ்டிக் மூடி, சிந்தாமல் காப்பதற்கென்றே தோன்றிய சாமானிய வஸ்துவாயினும், உள்ளிருக்கும் காப்பியை நாம் எவ்வளவு ரசிக்கிறோம் என்பதை அதுவும் சேர்ந்தே நிர்ணயிக்கிறது.

காப்பியின் ருசி நாவினால் மட்டும் ஆவதன்று. கசப்பு, புளிப்பு, இனிப்பு முதலிய சிலவற்றை நாக்கு அறியும். வறுத்த கொட்டையின் நானாவித வாசனைகளை உணர்வதெல்லாம் நாசியே. அவ்வாசனை, எழும் ஆவியை நாம் முகரும்போது முன்புறமாகவும், விழுங்கும்போது தொண்டையின் பின்புறமாக மேலேறியும் நாசியை அடைகிறது. இவ்விரண்டில் முதல் வழியை மூடி ஏறக்குறைய அடைத்துவிடுவதால், முதல் மிடற்றுக்கு முன்பே மனத்தை ஆயத்தப்படுத்தும் அந்தச் சுகம், என் அபிப்பிராயத்தில் காப்பியின் பாதி இன்பம், நமக்குக் கிட்டாமலே போய்விடுகிறது.

உஷ்ணத்தின் சங்கதி வேறு. சூடான திரவம் ஆறுவதற்கு ஆவியாதல் ஒரு பிரதான காரணமாகையால், மூடியிட்ட காப்பி வெகுநேரம் சூடாகவே இருக்கிறது. திறந்த கோப்பையில் காற்றையும் சேர்த்து உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் நாம், சிறு துவாரத்தின் வழியே வருவதை அதன் சூடு தெரியாமலே நாவில் வாங்கிக்கொள்கிறோம். சுட்ட நாவுக்கு நுட்பமான ருசி ஏது? கப்புச்சினோவின் நுரையோ துவாரத்தில் எளிதில் நுழைவதில்லை. அடியிலுள்ள பால் கலந்த காப்பி மட்டும் வர, நுரை கோப்பையிலேயே தங்கிவிடுகிறது.

தட்டையான மூடியில் தாமே ஓர் ஓரத்தைக் கிழித்துக் குடித்துவந்த அமெரிக்கர்களுக்கு, ஜாக் கிளெமென்ட்ஸ் என்பவர் சோலோ நிறுவனத்துக்காக வடிவமைத்து, 1986-ல் காப்புரிமை பெற்ற 'டிராவலர்' மூடி பெரிய உபகாரமாயிற்று. விளிம்பை உயர்த்தியதால் நுரைக்கு இடம் கிடைத்தது. நடுப்பகுதியைத் தாழ்த்தியதால் மேலுதடும் மூக்கின் நுனியும் இடிபடாமல் அமர்ந்தன. நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை 2004-ல் எளிய பொருள்களுக்கென நடத்திய கண்காட்சியில் அதற்கும் இடமளித்தது நியாயமே. குடிப்பவனின் முகத்தை உத்தேசித்துச் செய்த மூடி அது. ஆயினும் மணத்துக்கு அதிலும் வழி குறுகலே.

ஆகவே, ரயிலிலும் வீதியிலும் மூடி இருக்கட்டும். மேஜையை அடைந்தவுடன் அதைக் கழற்றிவிட்டுச் சில நிமிஷம் பொறுத்தால், சூடு தணியத் தணிய, அதுவரை மறைந்திருந்த இனிப்பும் மெல்லிய புளிப்பும் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.