கடலுக்கு எது நஞ்சு?

உங்கள் முன்னால் மேசைமீது நான்கு கண்ணாடிக் குப்பிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதற் குப்பியில் பெட்ரோல். இரண்டாவதில் தேங்காய் எண்ணெய். மூன்றாவதில் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கழிவுப்பாகு. நான்காவதில் ஜவ்வரிசியைப் போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை. இந்நான்கையும் கடலில் கொட்டினால் எது அதிகக் கேடு விளைவிக்கும்? கொட்டியவருக்கு நீங்கள் நீதிபதியாக இருந்தால் எதற்கு அதிக அபராதம் விதிப்பீர்கள்?

இக்கேள்வியை என் முதலாண்டு மாணவர்களிடம் ஒருநாள் கேட்டேன். ஏறத்தாழ வகுப்பு முழுவதும் 'பெட்ரோல்' என்றது. எண்ணெயும் பாகும் உணவுப் பொருள்கள். குருணையோ கரையாது, நாறாது, எரிக்காது. ஆகவே அவற்றால் பெரிய கெடுதி இல்லை என்பது அவர்கள் வாதம். ஒரு மாணவி மட்டும், "எவ்வளவு கொட்டினார்கள், எந்த இடத்தில் கொட்டினார்கள் என்று சொல்லவில்லையே சார்?" என்று திருப்பிக் கேட்டாள். உலக நாடுகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கூடிக் கூடிப் பேசிவரும் விஷயத்தின் நடு நரம்பு அதுதான்.

நான்காவது குப்பியிலுள்ள குருணை கடையில் வாங்கியதன்று. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 பெட்டகங்களுடன் மூழ்கியது. அடுத்த சில நாள்களில் கேரளக் கரையெங்கும், பின்னர் நம் குமரி மாவட்டக் கரையிலும் இந்த வெண்மணிகள் அலையோடு வந்து ஒதுங்கின. அந்த மணலிலிருந்து பொறுக்கிய ஒரு பிடி அது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

முதலில் வகைப்படுத்தும் முறையைப் பார்ப்போம். 1967 மார்ச்சில் டாரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே பாறையில் மோதி, ஏறத்தாழ 1,20,000 டன் கச்சா எண்ணெயைக் கடலில் விட்டது. யாரைப் பிடிப்பது, எந்தச் சட்டத்தால் பிடிப்பது என்று தெரியாமல் அரசுகள் திகைத்தன. அந்தத் திகைப்பின் பயனாக 1973இல் எழுதப்பட்டு, 1978இல் திருத்தப்பட்டு, 1983 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்ததே மார்போல் என்னும் உலக ஒப்பந்தம். இந்தியா 1986இல் இதில் சேர்ந்தது. இதற்கு ஆறு இணைப்புகள் உண்டு. எண்ணெய்க்கு ஒன்று, தொட்டிகளில் மொத்தமாக ஏற்றிச்செல்லும் தீய திரவங்களுக்கு ஒன்று, பொதிகளாகவும் பெட்டகங்களிலும் செல்லும் கேடான பொருள்களுக்கு ஒன்று, கழிவறை நீருக்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று, கப்பல் விடும் புகைக்கு ஒன்று.

இரண்டாம் இணைப்புத்தான் அறிவியல் நிறைந்தது. ஒரு திரவம் எவ்வளவு தீயது என்பதை எப்படி அளப்பது? ஒரு தொட்டியில் மீன்களை விட்டு, நீரில் அத்திரவத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பல சோதனைகள் செய்கிறார்கள். 96 மணி நேரத்தில் பாதி மீன்கள் சாவதற்கு ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பதே அளவு. ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் வேண்டுமானால் 0 என்று மதிப்பெண். பிறகு ஒவ்வொரு பத்து மடங்கு குறைவுக்கும் ஒரு மதிப்பெண் கூடும். நூற்றில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே போதுமானால் 6. தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினால் மகிழ்ச்சி, இங்கே நேர்மாறு. நிலநடுக்கத்தை அளக்கும் ரிக்டர் அளவும், ஒலியை அளக்கும் டெசிபலும் இப்படித்தான் மடக்கை முறையில் ஏறுகின்றன என்பதை இயற்பியல் மாணவர்கள் நினைவுகூரலாம்.

உடனே கொல்லாமல் உடலில் தங்கி மெல்லக் கொல்லும் பொருள்களுக்கு வேறொரு சோதனை. ஆக்டனால் என்ற ஆல்கஹால் எண்ணெய்த் தன்மையுள்ளது. உயிரினங்களின் கொழுப்பைப் போலவே நடந்துகொள்வது. ஒரு புட்டியில் பாதி நீரும் பாதி ஆக்டனாலும் ஊற்றி, சோதிக்கும் பொருளைச் சிறிது இட்டுக் குலுக்கி நிற்க வைத்தால், அப்பொருள் இரண்டுக்கும் இடையே பங்கிட்டுக்கொள்ளும். நீரில் இருப்பதைப் போல் ஆக்டனாலில் எத்தனை மடங்கு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். டி.டி.டி. பூச்சிமருந்துக்கு இது பத்து இலட்சம் மடங்கைத் தாண்டும். நீரில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்த மருந்து, சிறு மீன், பெரிய மீன், மீன் தின்னும் பறவை என்று ஏறிச்செல்வதன் காரணம் இந்தப் புட்டிக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது.

இவற்றோடு, பொருள் மிதக்குமா, மூழ்குமா, ஆவியாகுமா, கரையுமா என்பதையும் கேட்கிறார்கள். அடர்த்தி, ஆவியழுத்தம், கரைதிறன் ஆகிய மூன்றும் தெரிந்தால் விடை கிடைத்துவிடும். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த பாடங்கள்தாம்! எல்லா விடைகளையும் சேர்த்துத் திரவங்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று வகையாகவும், தீங்கற்றவை என்று நான்காம் வகையாகவும் பிரிக்கிறார்கள். 2007 முதல் உள்ள முறை இது. எக்ஸ் வகையைக் கடலில் விடவே கூடாது. தொட்டியைத் துறைமுகத்திலேயே கழுவி, கழுவிய நீரையும் அங்கேயே ஒப்படைக்க வேண்டும். ஒய், இசட் வகைகளில் தொட்டியின் அடியில் ஒட்டிய மிச்சத்தை மட்டும் கழுவி விடலாம். அதுவும் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், 25 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில், கப்பல் மணிக்கு 7 கடல் மைல் வேகத்திலாவது ஓடிக்கொண்டிருக்கும்போது, நீர்மட்டத்திற்குக் கீழே உள்ள துளை வழியாக விட வேண்டும். ஓடும் கப்பலின் பின்னால் எழும் சுழல் அதை நன்றாகக் கலக்கிவிடும் என்பதே வேகம் பற்றிய நிபந்தனையின் நோக்கம்.

இப்போது நம் குப்பிகளுக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் எந்த வகை? ஒய்! வியப்பாக இருக்கிறதல்லவா? கடற்பறவையின் இறகுகளுக்குள் நீர் புகாமல் காப்பது அவற்றின் நுண்ணிய பின்னல் அமைப்பு. எந்த எண்ணெய் பட்டாலும் அப்பின்னல் குலையும். பறவை குளிரில் விறைத்துச் சாகும். அந்த எண்ணெய் நம் அடுக்களையிலிருந்து வந்ததா, பாறைக்கடியிலிருந்து வந்ததா என்பது பறவைக்குத் தெரியாது. பனையெண்ணெயிலிருந்து பிரியும் ஸ்டியரின் என்ற கொழுப்பு, குளிர்ந்த கடலில் கட்டியாகி ஐரோப்பியக் கரைகளில் ஒதுங்கித் தொல்லை கொடுத்தது. எனவே 2021 ஜனவரி 1 முதல், உறைந்து மிதக்கும் அத்தகைய பொருள்களின் தொட்டிகளை வட ஐரோப்பியக் கடல்களில் துறைமுகத்திலேயே கழுவ வேண்டும் என்று விதி இறுகியது. உருகுநிலை என்ற ஒரே ஒரு பண்பு சட்டத்தைத் திருத்த வைத்திருக்கிறது.

மொலாசஸோ தீங்கற்ற வகைப் பட்டியலில், ஆப்பிள் சாறு, வெறும் நீர் ஆகியவற்றோடு அமர்ந்திருக்கிறது. என் மாணவர்கள் இதைக் கேட்டுக் கைதட்டினார்கள். நான் ஹோனலூலு கதையைச் சொன்னேன். 2013 செப்டம்பரில் ஹவாய்த் தீவின் ஹோனலூலு துறைமுகத்தில், கப்பலுக்குப் பாகு ஏற்றும் குழாய் ஒழுகி, ஏறத்தாழ 1,400 டன் மொலாசஸ் கடலில் இறங்கியது. எண்ணெயாக இருந்தால் மேலே மிதக்கும், வழித்தெடுக்கலாம். மொலாசஸின் அடர்த்தி கடல்நீரைப் போல் சுமார் 1.4 மடங்கு. நேராக அடியில் போய்ப் படிந்தது. அடிநீரில் உயிர்வளி குன்றி, மீன்கள் மூச்சுத்திணறி மாண்டன. பொறுக்கி எண்ணியவை மட்டும் 26,000க்கு மேல். நஞ்சு ஒரு துளியும் இல்லை! ஒழுகவிட்ட நிறுவனம் 2015இல் மாநில அரசுக்கு 154 இலட்சம் டாலர் அளவுக்கு ஈடுசெய்ய ஒப்புக்கொண்டது. குற்ற வழக்கில் தனியாகவும் கட்டியது. பட்டியல் பொய்யன்று. தொட்டி கழுவிய மிச்சம் நடுக்கடலில் கலப்பதை எண்ணி எழுதிய பட்டியல் அது. மூடிய துறைமுகத்தில் ஒரே இரவில் கொட்டுவதை எண்ணி எழுதியதன்று. அந்த மாணவியின் கேள்வி நினைவிருக்கிறதா?

இனி அபராதம். சட்டம் இதை இரண்டு வழியில் நினைக்கிறது. ஒன்று தண்டனை, மற்றொன்று நட்ட ஈடு. தண்டனைக்கு ஓர் உச்சவரம்பை எழுதிவைப்பது எளிது. நம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 முதல் பத்தாயிரம் ரூபாயிலிருந்து 15 இலட்சம் வரை என்று இருக்கிறது. ஒரு சாயப்பட்டறைக்கு அது வலிக்கும். பெருங்கப்பலுக்கு வலிக்குமா என்பதை வாசகர்கள் முடிவுசெய்யலாம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1989இல் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே சிந்திய எண்ணெய்க்குக் காலன் கணக்கில் ஈடு. ஒவ்வோர் எண்ணெய்க்கும் மூன்று மதிப்பெண்கள்: உடனே கொல்லும் தன்மை, உயிரினங்கள்மேல் பூசி மூடும் தன்மை, நெடுநாள் தங்கும் தன்மை. பெட்ரோல் முதலாவதில் உச்சம்; மற்ற இரண்டிலும் கடைசி. கொல்வதைக் கொன்றுவிட்டு இரண்டொரு நாளில் ஆவியாகிப் போய்விடும். கப்பல் எஞ்சினுக்கு ஊற்றும் கெட்டியான உலை எண்ணெய் நேர்மாறு. வெகுகாலம் பாறையைவிட்டு அகலாது. இம்மதிப்பெண்களைச் சிந்திய இடத்தின் மதிப்போடும் பருவத்தோடும் பெருக்கினால், காலனுக்கு 1 டாலரிலிருந்து 100 டாலர் வரை வரும். ஆயிரம் காலனும் அதற்கு மேலும் சிந்தினால் 3 முதல் 300 வரை. பேரம் பேச இடமில்லை. கணக்குப் போட்டால் போதும்.

ஆனால் குற்றவாளி அகப்பட வேண்டுமே? நள்ளிரவில் எண்ணெய் கலந்த அடிநீரைக் கடலில் விட்டுவிட்டு, 'விதிப்படித்தான் விட்டேன்' என்று சொல்லும் கப்பல்தலைவரை எப்படி மடக்குவது? இங்கே இயற்பியல் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் வானவில் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் நிறங்கள் அவை. படலம் 0.3 மைக்ரானுக்கும் மெல்லியதானால் நிறம் பிரியாது, வெள்ளிபோல் மின்னும். 0.3 முதல் 5 மைக்ரான் வரை வானவில். அதற்குமேல் உலோகப் பளபளப்பு. பின்னர் எண்ணெயின் சொந்த நிறம். வடகடல் நாடுகளின் விமானங்கள் மேலிருந்து இந்நிறங்களைப் பார்த்தே சிந்திய அளவைக் கணக்கிடுகின்றன.

நாமும் ஒரு கணக்குப் போடுவோமா? கப்பலின் பின்னால் 10 கிலோமீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் வானவில் பட்டை தெரிகிறது. பரப்பு 0.2 சதுர கிலோமீட்டர். மிகக் குறைந்த தடிப்பான 0.3 மைக்ரானையே எடுத்தாலும் எண்ணெய் 60 லிட்டர். விதிப்படி வெளியேற்றும் நீரில் எண்ணெய் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியானால் 60 லிட்டர் எண்ணெய் வெளியேற, 40 இலட்சம் லிட்டர் நீரை அவர் இறைத்திருக்க வேண்டும்! கப்பலின் அடியில் அவ்வளவு நீர் இருந்திருந்தால் அக்கப்பல் அந்நேரம் மிதந்துகொண்டிருக்காது.

கடைசிக் குப்பிக்கு வருவோம். நீங்களே சோதிக்கலாம். ஒரு கிண்ணம் உப்புநீரில் இரண்டு துளி சோப்புக் கரைசல் விட்டுக் குருணையைப் போடுங்கள். சோப்பு எதற்கென்றால், பரப்பு இழுவிசையால் மிதக்கிறதா, அடர்த்தியால் மிதக்கிறதா என்ற ஐயம் தீர. பாலிஎதிலீன் மிதக்கும், நைலான் மூழ்கும். மீன் சோதனையிலோ ஆக்டனால் சோதனையிலோ இந்த மணிக்குச் சுழிதான். ஆகவே அபாயச் சரக்குப் பட்டியலில் இதற்கு இடமில்லை. எல்சா 3 மூழ்கிய அன்று அபாயம் என்று அறிவிக்கப்பட்ட பெட்டகங்களில் நீர் பட்டால் அசெட்டிலீன் வாயு விடும் கால்சியம் கார்பைடு இருந்தது. அதைத்தான் எல்லாரும் அஞ்சினோம். கரைக்கு வந்து வாரக் கணக்கில் மணலோடு கலந்து கிடந்ததோ பட்டியலில் இல்லாத குருணை.

இது புதிய அனுபவமும் அன்று. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் 2 அன்று மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. அது பட்டியலில் உள்ளது. கூடவே சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை. ஒரு மணி 25 மில்லிகிராம் என்று கொண்டால் 6,720 கோடி மணிகள்! மீன் முட்டையென்று எண்ணி மீனும் பறவையும் விழுங்கும். மணலிலிருந்து சலித்தெடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இலங்கையின் மேற்குக் கரையில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது.

ஈட்டுத்தொகை என்ன ஆயிற்று? கப்பல் உடைமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அந்த வரம்பு கப்பலின் டன் அளவைக் கொண்டு கணக்கிடப்படுவது. விளைந்த கேட்டைக் கொண்டன்று. அதன்படி லண்டன் நீதிமன்றம் 2023இல் வரம்பை ஏறத்தாழ 190 இலட்சம் பவுண்டு என்று நிர்ணயித்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் செலுத்த ஆணையிட்டது. ஒரே கப்பல், ஒரே கடல். இரண்டு தொகைகளுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது மடங்கு. எல்சா 3 தொடர்பாகக் கேரள அரசு அதே ஆண்டில் 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. சலித்துப் பொறுக்கிய கூலி, வலை இறக்காத நாள்கள், விலை போகாத மீன் எல்லாவற்றுக்கும் இவ்வழக்குகளில் ஒரு தொகை எழுத வேண்டியிருக்கிறது. வாஷிங்டனின் எண்ணெய் அட்டவணை போல் குருணைக்கு ஓர் அட்டவணை இல்லாததால், ஒவ்வொரு தொகையும் வாதத்தில்தான் முடிகிறது.

2024இல் உலகக் கடல்சார் அமைப்பு குருணை ஏற்றும் கப்பல்களுக்குச் சில பரிந்துரைகளைச் செய்தது. பொதி உறுதியாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பது குருணை என்று சரக்குச் சீட்டில் எழுத வேண்டும். பெட்டகத்தை இயன்றவரை மேல்தளத்தில் வைக்காமல் கீழே வைக்க வேண்டும். மூன்றும் எளியவை, மூன்றும் விருப்பத்தைப் பொறுத்தவை. கட்டாயமாக்குவது பற்றிய விவாதம் நடந்துவருகிறது. வகுப்பில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டியபோது, முதற்குப்பியில் 'எண்ணெய்' என்றும், அடுத்ததில் 'ஒய்' என்றும், மூன்றாவதில் 'தீங்கற்றது' என்றும் எழுதினோம். நான்காவதன் சீட்டை வெறுமையாகவே ஒட்டி வைத்திருக்கிறேன்.