பேசாத அரசி

தேவர்கள் எறும்புருக் கொண்டு ஈசனை ஆராதித்த ஐதீகத்தைக் கேட்டு வளர்ந்த திருவெறும்பூர் நேயர் ஒருவர், அம்மலைக்கோயில் படிகளில் அமர்ந்து, அலெக்ஸ் மைக்கேலிடிஸ் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி சைலன்ட் பேஷன்ட்’ என்னும் கொலை மர்ம நாவலை வாசிப்பாரானால், அதனடியில் ஓடும் கிரேக்க புராணம் அவருக்கு அந்நியமாகத் தோன்றாது. கணவனைச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பின் ஒரு வார்த்தையும் பேசாத ஓவியக்காரி, தன் சுயசித்திரத்துக்கு இட்ட பெயர் அல்செஸ்டிஸ், அதுவோ, கி.மு. 438-இல் ஏதென்ஸில் அரங்கேறிய யூரிப்பிடிஸின் நாடகத்தில், பதி உயிர்பிழைக்கத் தான் மரணத்தை ஏற்று, வீரன் ஹெராக்ளிஸ் மிருத்யுவோடு மல்லாடி மீட்டுக் கொணர்ந்த பின்பும் வாய் திறவாது நிற்கும் அரசியின் நாமம். நம் சாவித்திரி யமதர்மனைத் தொடர்ந்து சென்று வாக்கின் வன்மையாலேயே வென்றவள்; அவளை அறிந்த நமக்கு இந்த மௌனம் மனத்தை மிகவும் வருத்துகிறது. பாதாள தேவதைகளுக்கு உரியவளானதால் நேர்ந்த தீட்டு மூன்றாம் நாள் கழியும்வரை அவள் பேசலாகாது என்று நாடகம் காரணம் கூறுகிறது. நாவலாசிரியரோ அந்த மௌனத்துக்கு வேறொரு காரணம் கண்டிருக்கிறார். அதை நேயர்கள் நூலின் இறுதிப் பக்கங்களில் தாமே கண்டறிவதுதான் இன்பம்.