வன்தட்டின் வேகம்

புகைப்படங்கள், காணொளிகள், பாட்டியின் குரற்பதிவுகள் எனக் குடும்பத்தின் நினைவுகள் பலவும் இன்று உள்ளங்கை அளவுள்ள புற வன்தட்டில் சேமிக்கப்படுகின்றன. கணினிக்கும் வன்தட்டுக்கும் இடையே ஒரு நொடியில் செல்லும் தரவின் அளவே தரவுப் பரிமாற்ற வேகம் எனப்படும்.

பல வன்தட்டுகளின் உறையில் ‘நொடிக்கு 5 கிகாபிட்’ என அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கண்டவர், 120 கிகாபைட் அளவுள்ள காணொளிகளை 24 நொடிகளில் படியெடுத்துவிடலாம் என எண்ணக்கூடும். உண்மையில் ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஆகலாம். இவ்வேறுபாடு ஏன்?

முதற்காரணம் அலகு ஆகும். பிட் வேறு, பைட் வேறு. 8 பிட்டுகள் சேர்ந்ததே 1 பைட். கோப்பின் அளவு பைட்டிலும், இணைப்பின் வேகம் பிட்டிலும் குறிக்கப்படுகின்றன. 5 கிகாபிட்டை 8ஆல் வகுத்தால் 625 மெகாபைட் கிடைக்கும். மேலும், 2008ஆம் ஆண்டு அறிமுகமான யு.எஸ்.பி. 3.0 முறையில் ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டுகளாக மாற்றி அனுப்பப்படுகிறது. ஆகவே, உச்ச வேகம் நொடிக்கு 500 மெகாபைட்டாகக் குறைகிறது. இவ்வேகத்தில் 120 கிகாபைட் செல்ல 4 நிமிடங்கள் போதும்.

இரண்டாம் காரணம் வன்தட்டின் அமைப்பு. அதனுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் சுழல்கின்றன. சிறிய வன்தட்டுகள் பலவற்றில் அவை நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும். அச்சுழற்சிக்கு ஏற்பவே தரவை எழுதவோ படிக்கவோ இயலும். இதனால் வேகம் பொதுவாக நொடிக்கு 100 முதல் 140 மெகாபைட் வரையே இருக்கும். வாய்க்கால் எத்துணை அகலமாயினும், ஏற்றம் இறைக்கும் நீர்தானே அதில் பாயும்! சுழலும் பகுதியற்ற எஸ்.எஸ்.டி. வகைக் கருவிகள் இதைவிடப் பன்மடங்கு விரைவாக இயங்குகின்றன.

மூன்றாம் காரணம் பழைய இணைப்பு. 2000ஆம் ஆண்டு வெளிவந்த யு.எஸ்.பி. 2.0 முறையின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட் வரையே கிடைக்கும். புதிய வன்தட்டைப் பழைய துளையிலோ பழைய கம்பியிலோ இணைத்தால், 17 நிமிட வேலை 50 நிமிடங்களுக்கு நீளும்.

கோப்புகளின் தன்மையும் வேகத்தைப் பாதிக்கும். ஒரே பெரிய காணொளியை விட, அதே அளவுள்ள ஆயிரக்கணக்கான சிறு படங்களுக்கு அதிக நேரம் பிடிக்கும். ஒவ்வொரு கோப்பிற்கும் தனித்தனியே இடம் தேடிப் பதிய வேண்டியிருப்பதே இதற்குக் காரணம்.

இக்கணக்கை அறிவதால் பயன் என்ன? ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் படியெடுக்கத் தொடங்குபவர், பொறுமையிழந்து நடுவில் கம்பியைப் பிடுங்கிவிடலாம். அப்போது படி முழுமையடையாது. வன்தட்டில் முன்பே உள்ள கோப்புகளும் சிதையக்கூடும். படத்தை மீண்டும் எடுக்கலாம். மறைந்தவரின் குரலை மீண்டும் பதிய இயலுமா? எனவே, கோப்பின் அளவை வேகத்தால் வகுத்து, தேவையான நேரத்தை முன்னரே அறிதல் வேண்டும். பணி முடிந்த பின்னரும், ‘பாதுகாப்பாக நீக்கு’ என்னும் கட்டளையைக் கொடுத்த பிறகே வன்தட்டைக் கழற்ற வேண்டும். அரிய பதிவுகளுக்கு வேறோர் இடத்திலும் ஒரு படி இருத்தல் நன்று.

பயிற்சி
1. பிட், பைட் ஆகியவற்றின் தொடர்பு யாது?
2. நொடிக்கு 40 மெகாபைட் வேகத்தில் 60 கிகாபைட் தரவைப் படியெடுக்க எத்தனை நிமிடங்கள் ஆகும்?
3. உங்கள் வீட்டில் பாதுகாக்க வேண்டிய பதிவு ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.