கையசைத்தால் அடங்கும் அலறல்

குளிர்நாட்டு வீடுகளின் சுவரில் தெர்மோஸ்டாட் என்றொரு சின்னக் கருவி இருக்கும். வீடு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், ஹீட்டரைப் போடுவதும் அணைப்பதும் அதன் பொறுப்பு. நேரத்துக்கு நேரம் சூட்டை மாற்றும் மாடல்கள் முன்பே இருந்தன. அவற்றின் பொத்தான்களோடு மல்லுக்கட்டத்தான் பலருக்குப் பொறுமை இல்லை.

ஐபாடை உருவாக்கியவர்களில் ஒருவரான டோனி ஃபடெல், மேட் ராஜர்ஸோடு சேர்ந்து தொடங்கிய நெஸ்ட் நிறுவனம் 2011இல் கொண்டுவந்த தெர்மோஸ்டாட்டில் அந்தப் பொத்தான் வரிசையே இல்லை. திருக ஒரு வளையம், அவ்வளவுதான். வீட்டார் காலையில் சூட்டைக் கூட்டுவதையும் படுக்கும்போது குறைப்பதையும் ஒரு வாரம்போலக் கவனித்துவிட்டு, அட்டவணையைத் தானே போட்டுக்கொள்ளும். ஆள் நடமாட்டம் தெரியாவிட்டால் சூட்டைத் தணிக்கும். படுக்கையறையில் ஒருவர் புத்தகத்தோடு கிடந்தால், கூடத்துச் சுவரில் இருக்கும் கருவிக்கு அது எப்படித் தெரியும்? தெரியாது. கணக்குத் தப்பினால் எழுந்துபோய் ஒரு திருகு திருகினால் போதும். தவறின் விலை மலிவு என்பதால்தான் இந்தச் சாமர்த்தியம் இங்கே எடுபட்டது.

எப்போதும் மலிவு என்றும் சொல்ல முடியாது. 2016 ஜனவரியில் ஒரு மென்பொருள் கோளாறு பேட்டரியை உறிஞ்சிவிட, நடுக் குளிர்காலத்தில் பல வீடுகள் சில்லிட்டுப் போயின. 1953இல் ஹனிவெல் வெளியிட்ட டி87 என்ற வட்டத் தெர்மோஸ்டாட்டுக்கு இந்தக் கவலை கிடையாது. சூட்டில் வளையும் ஓர் உலோகச் சுருள், பாதரசம் அடைத்த ஒரு கண்ணாடிக் குமிழ்: அதன் அறிவு முழுவதும் இவைதாம்.

நெஸ்ட் அடுத்து, 2013இல், புகை எச்சரிக்கைக் கருவிக்கு வந்தது. ரொட்டி கருகினாலே இத்தகைய கருவிகள் வீட்டையே அலறவைக்கும். எரிச்சலில் நாற்காலி போட்டு ஏறிப் பேட்டரியைப் பிடுங்கிவிட்டு, திரும்பப் போட மறந்துவிடுவார்கள். நெஸ்ட் ப்ரொடெக்ட் என்ற அந்நிறுவனத்தின் கருவி முதலில் மனிதக் குரலில் எச்சரிக்கும். அதன் அடியில் நின்று கையை அசைத்தால் அலறலை நிறுத்திவிடும். பார்க்க அழகான யோசனை.

ஆனால் தீப்பிடித்த வீட்டிலும் மனிதர்கள் கையை வீசிக்கொண்டுதானே ஓடுவார்கள்? வேறு அசைவைக் கையசைப்பென்று எடுத்துக்கொண்டு, உண்மையான தீயின்போதும் கருவி தாமதிக்கக்கூடும் என்பது நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே தெரியவந்தது. 2014 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தினார்கள். இணையத்தில் இணைந்திருந்த கருவிகளில் அந்த வசதியைத் தொலைவிலிருந்தே அணைத்தார்கள். அடுத்த மாதம் அமெரிக்காவில் முறைப்படி அறிவிக்கப்பட்ட திருத்தம் சுமார் 4,40,000 கருவிகளைத் தொட்டது. கழற்றித் திருப்பி அனுப்பும் வேலை பெரும்பாலோருக்கு இல்லை. வைஃபையில் இணைக்காதவர்கள்தாம் தேடிப்போய் இணைக்க வேண்டியிருந்தது.

2015இல் வந்த அடுத்த மாடலில் கையசைவு இல்லை. அலறலை அடக்க, கருவியின் பொத்தானையோ கைப்பேசித் திரையையோ ஒருவர் தெரிந்தே அழுத்த வேண்டும்.