யாரோ ஓடி முடித்த வில்லுத்தகடு

பருத்தித்துறையிலிருந்து நாகர்கோவில், மருதங்கேணி என்று தென்கிழக்கே போகப் போக, தார் றோட்டை விட்டு ஒரு பக்கம் இறங்கினால் சில்லு மணலுக்குள் புதையும். மணற்காட்டிலும் சுண்டிக்குளத்திலும் அடிவயிறு தட்டி நிற்கும் காரைத் தள்ளி எடுக்க நான்கு பேர் காணாது. நெடுந்தீவில் மணலுக்குப் பதிலாகச் சுண்ணக்கல். அங்கே ஒரு நாள் ஓடினால் வாகனத்தின் ஒவ்வொரு புஷ்ஷும் தன் வயதைச் சொல்லிவிடும். இந்த வழிகளில் ஓடுகிறவர்கள் தங்கள் ஜீப்பையும் டபிள் கப்பையும் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் உயர்த்திக்கொள்ள ஆசைப்படுவதில் குற்றமில்லை.

ஆசைக்குக் காசு வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் கையில் பழைய பஜேரோவோ ஹைலக்ஸோ வைத்திருந்தவர்கள் அதையே பொன்போலப் பொத்திப் பிடித்தார்கள். உயர்த்துவதற்கான வெளிநாட்டுப் புதுச் செற் ஒன்றின் விலையைக் கேட்டவர் அடுத்ததாகப் பழைய சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கோ டெல்கந்தைக்கோ தொலைபேசி எடுப்பார். அல்லது உடைத்துப் பிரித்த வாகனம் கிடக்கும் ஊர்க் கராச்சுக்குப் போவார். "அண்ணை, இது ஜப்பான் சாமான், ஒண்டும் செய்யாது" என்ற பதில் அங்கே தயாராக இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பழைய சாமானைப் பழிப்பது நன்றி கெட்ட வேலை. ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் கழிந்தும் இங்கே வாடகைக்கு ஓடின. போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு மூடி பெற்றோலில் ஸ்ராட் செய்து, மிச்ச வழியை மண்ணெண்ணெயிலேயே கடந்த மோட்டார் சைக்கிள்களை நாற்பது வயது கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கைவண்ணம் பெரியதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி எஞ்சினோடு நடந்த வித்தை. எஞ்சின் பிழைத்தால் வாகனம் றோட்டோரம் நிற்கும், நாம் இறங்கி நடப்போம். சில்லைத் தாங்குவதும் நிறுத்துவதும் பிழைத்தால் இறங்கி நடக்க ஆள் இருக்கவேண்டுமே. பழையதை எதில் போடலாம், எதில் போடக்கூடாது என்ற கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

வில்லுத்தகட்டையே எடுத்துக்கொள்வோம். அது பாரத்தை மட்டும் தாங்குவதில்லை, பின் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் வில்லின் முதல் தகடுதான். அச்சுக்கு முன்னால் அந்தத் தகடு முறிந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நழுவும். ஸ்ரியறிங்கை எப்படிப் பிடித்தாலும் வாகனம் தன் வழியில் போகும். உருக்குக்கு வருடக் கணக்குத் தெரியாது, எத்தனை தரம் வளைந்தோம் என்ற கணக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கின் பெரும்பகுதியை முந்தைய சொந்தக்காரர் முடித்திருப்பார். வெடிப்பு பெரும்பாலும் நடு போல்ற் ஓட்டையிலும், யூ போல்ற் இறுக்கிப் பிடிக்கும் விளிம்பிலும் தொடங்கும். அதாவது பூட்டியிருக்கும்போது கண்ணுக்குப் படாத இடத்தில். ஜப்பானின் வடக்கே பனியை உருக்க வீதியில் உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய தகடு அரைத் துருவோடு வந்து, நம் கடற்காற்றில் மீதியை முடித்துக்கொள்ளும். மேலே அடித்த கறுப்புப் பெயின்ற் இன்னும் ஈரமாக மணத்தால், அதற்குக் கீழே என்ன என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது. பெயின்றைச் சுரண்டி, தகடுகளைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, துணியால் நன்கு துடைத்த பிறகு சோக்குத் தூளைப் பூசுங்கள். கொஞ்ச நேரம் பொறுங்கள். மேற்பரப்பில் வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கோடாகத் தெரியும். தடைக் காலத்தில் வாகனத்தை ஓட்டிய அதே மண்ணெண்ணெய் இப்போது வாங்காதே என்று சொல்லித் தருகிறது. இதைச் செய்ய விடாத கடைக்காரரிடம் தகடு வாங்கவே வேண்டாம்.

வெடித்த தகட்டை ஒட்டலாமா என்றால், கூடவே கூடாது. இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். ஒரு கராச்சில் ஒட்டித் தந்த தகடு சில வாரத்தில் முறிந்தது. ஒட்டின இடம் அப்படியே இருந்தது, அதிலிருந்து ஒரு விரலளவு தள்ளித்தான் முறிந்திருந்தது. வில்லுக்கு வளைந்து நிமிரும் குணம் அளவான சூட்டிலும் குளிரிலும் பதமாக்கி ஏற்றப்பட்டது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, ஒட்டின இடத்துக்குப் பக்கத்தைக் கண்ணாடி போல உடையக்கூடியதாக ஆக்கிவிடும். கொயில் ஸ்பிரிங்கைச் சூடாக்கி வளைப்பதும் இதே கதை.

யூ போல்ற் ஒருமுறைச் சாமான். இறுக்கும்போது இழுபட்டு நீண்டுவிடும், திரும்பப் போட்டால் அதே பிடி வராது. தகடு பழையதாகவே இருந்தாலும், யூ போல்ற் புதிதாகத்தான் இருக்கவேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி இறுக்கவும் வேண்டும். சொக் அப்சோபரைப் பழையதாக வாங்குவது பெரும்பாலும் வீண்காசு. தண்டில் துருப்புள்ளியோ கீறலோ இருந்தால் சீல் விரைவில் போய் எண்ணெய் கக்கும். காஸ் நிரப்பிய சொக்கை வெட்டுவதும் ஒட்டுவதும் வெடிப்பொருளோடு விளையாடுவதற்குச் சமம். புஷ், போல் ஜொயின்ற், பிரேக் ஹோஸ் இவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை, புதிதாகவே வாங்குங்கள். பழையதில் எதை நம்பலாம்? கனமான பிராக்கெற், நெளியாத இரும்பு றிம், எந்த வாகனத்திலிருந்து கழற்றியது என்று தெரிந்த கொயில் ஸ்பிரிங். அதற்கு மேல் எனக்குத் துணிவில்லை.

சாமான் நல்லதாகவே இருந்தாலும், உயர்த்துவது வாகனத்தை வேறொரு வாகனம் ஆக்கிவிடுகிறது. இரு பக்கச் சில்லுகளுக்கு இடையிலான அகலத்தைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். அகலம் 1.5 மீற்றர், மைய உயரம் 70 சென்ரிமீற்றர் என்றால் விடை 1.07. மையம் 5 சென்ரிமீற்றர் மேலே போனால் விடை 1.0. இந்த எண் குறையக் குறைய, வளைவில் குடைசாய்வது சுலபமாகும். மணலில் மெல்ல ஊரும்போது இது தெரியாது. ஏ9 வீதியில் மாடு குறுக்கே வர, நீங்கள் ஸ்ரியறிங்கை ஒடிக்கும்போதுதான் தெரியும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஹைலக்ஸ் போன்ற பல வாகனங்களின் பின் அச்சுக்கு மேலே, பாரத்துக்கேற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. சசிக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கொண்டுதான் அது பாரத்தை அறிகிறது. பின்பக்கத்தை உயர்த்தினால் வாகனம் வெறுமையாக இருக்கிறது என்று அது நம்பிவிடும். நீங்கள் மீன்பெட்டி ஏற்றிக்கொண்டு வருவீர்கள், அது பின் பிரேக்கைக் குறைத்துக்கொண்டிருக்கும். அதன் நெம்புகோலைச் சரிசெய்யாமல் உயர்த்திக் கொடுக்கும் கராச் பாதி வேலைதான் செய்திருக்கிறது. பிரேக் ஹோஸின் நீளம், முன் சில்லின் அலைன்மென்ற், எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காதபடி முன் லைற்றின் குறி ஆகியவையும் அதே மீதிப் பாதியில் சேரும்.

(உயர்ந்த வாகனம் கிடைத்ததும் எங்கும் இறங்கலாம் என்று தோன்றும். பளைக்குக் கிட்ட முகமாலைப் பக்கம் மிதிவெடிப் பலகை கண்ட இடத்தில், எந்த ஜீப்பானாலும் தடத்தை விட்டு இறங்கவேண்டாம்.)

இனிச் சட்டம். தனியார் வாகனத்துக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைப் பரிசோதனை கேட்பார்கள். அது புகையை மட்டும்தான் பார்க்கும். அனுமதிப்பத்திரம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்பதால் உங்கள் வில்லுத்தகட்டை அரசு பார்த்து ஒப்புக்கொண்டதாக எண்ணவேண்டாம். பெரும்பாலும் விபத்து நடந்த பிறகுதான் மோட்டார் வாகனப் பரிசோதகர் கீழே படுத்துப் பார்ப்பார். அவருடைய அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும். ஆகவே வாகனத்தின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். காப்புறுதிக் கொம்பனிக்கும் ஒரு கடிதம் போடுங்கள். காப்புறுதி முழுக்க நல்லெண்ணத்தில் நிற்கும் ஒப்பந்தம். மாற்றத்தை மறைத்தீர்கள் என்று கண்டால் உங்கள் சேதத்துக்கான கோரிக்கையை அவர்கள் மறுக்க இடமுண்டு. மறுப்பு நியாயமில்லை என்று பட்டால் முதலில் கொம்பனியிடமே முறையிட்டு, பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

கடைக்காரரோடு வரும் பிணக்குக்கு 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் கைகொடுக்கும். எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை வியாபாரியிடம் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தப் பாவனைக்குச் சாமான் பொருத்தமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை சொல்லாமலே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும். ஆனால் நீங்களே பார்த்து வாங்கியிருந்தால், பார்வையில் தெரிந்திருக்கவேண்டிய குறைக்குப் பிறகு அழமுடியாது. அதனால் பில்லில் "பாவித்த சாமான்" என்பதோடு எந்த வாகனத்துக்கு, எந்த வேலைக்கு என்பதையும் எழுதுவியுங்கள். களவுபோன வாகனத்தின் சாமான் உங்கள் சசியில் பூட்டியிருக்கக் கண்டாலும் பொலிசுக்குக் காட்ட அந்தத் துண்டுதான் இருக்கும். வியாபாரி அல்லாத ஒருவரிடம் கைக்குக் கை வாங்கினால் இந்தச் சட்டப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடையாது. மலிவின் காரணங்களில் அதுவும் ஒன்று.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கராச்சையும் விடவில்லை. வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படவேண்டும், போடும் சாமானும் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்கிறது. பழையதைப் புதிது என்று சொல்லி விற்பது குற்றம். சாமான் வாங்கிய அல்லது வேலை செய்வித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் பாருங்கோ, செட்டாகிவிடும்" என்று கராச்சில் சொல்லக் கேட்டுக் காலத்தைக் கடத்தாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், மாவட்டச் செயலகத்திலும் விசாரிக்கலாம். தொகை சிறிதென்றால் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபை இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம்.

எங்கே போனாலும் முறிந்த துண்டு உங்கள் கையில் இருக்கவேண்டும். "தாங்கோ தம்பி, பார்த்து மாத்தித் தாறன்" என்று கடைக்காரர் கேட்டால், படத்தைக் காட்டுங்கள், துண்டைக் கொடுக்காதீர்கள். முறிந்த முகத்தில் பழைய வெடிப்பு கறுத்தும் துருப்பிடித்தும் இருக்கும், அன்று முறிந்த பகுதி வெள்ளிபோல மினுங்கும். விற்கும்போதே அது வெடித்திருந்ததா என்பதை அந்த நிறம் சொல்லும். உடனே படம் எடுத்து, எண்ணெய் பூசி, பொலித்தீனில் இறுகச் சுற்றி வையுங்கள். நம் கடற்கரைக் காற்றில் சில நாளிலேயே மினுங்கின பக்கமும் துருவேறிவிடும், பிறகு எது பழசு எது புதுசு என்று எந்தப் பரிசோதகராலும் பார்த்தவுடன் சொல்லமுடியாது.