காட்டுப்பழங்கள்: சத்து எது, மருந்து எது?

'காட்டுப்பழங்களின் பயன்கள்' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால், பலர் எழுதும் வரி இது: "இப்பழம் எல்லா நோய்களையும் குணப்படுத்தும்." இதை எழுதிடாதீங்க. திருத்துபவர் நம்ப மாட்டார். வீட்டில் யாராவது நம்பி, மருந்தை நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஒவ்வொரு பழத்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். அதில் என்ன சத்து உள்ளது? பெரியவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள்? எதில் கவனம் தேவை? நம் நாட்டில் கிடைக்கும் நான்கு பழங்களைப் பார்ப்போமா?

1. நெல்லி
அதியமான் ஔவையாருக்குக் கொடுத்த கனி இது. மலாய்க்காரர்கள் இம்மரத்தை 'மலாக்கா' என்பார்கள். மலாக்கா நகருக்கு இதனால்தான் பெயர் வந்தது என்பது வரலாற்றுப் பாடத்தில் படித்த கதைதான். 100 கிராம் ஆரஞ்சுப் பழத்தில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் உயிர்ச்சத்து 'சி' உண்டு. நெல்லியில் அது பல மடங்கு அதிகம். கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உயிர்ச்சத்து 'சி' உதவுகிறது. ஆனால், சீனிப்பாகில் ஊறிய நெல்லியைத் தின்றால் சீனியும் சேர்ந்தே உள்ளே போகும்.

2. நாவல்
நாக்கை ஊதாவாக்கும் நிறமி ஆந்தோசயனின். இது உடல் அணுக்களைக் காக்க உதவும் எதிர் ஆக்சிகரணி வகையைச் சேர்ந்தது. கொட்டைப் பொடியை இனிப்புநீருக்குக் கொடுப்பது பழைய வழக்கம். ஆனால், மருத்துவர் தந்த மாத்திரைக்கு இது மாற்று ஆகாது. மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் பொடியையும் சேர்த்துக்கொண்டால், சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம்.

3. மணத்தக்காளி
வாய்ப்புண் வந்தால் பாட்டி தேடும் செடி. நன்கு கறுத்துப் பழுத்ததை மட்டும் தின்னுங்கள். பச்சைக்காயில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் இருக்கும். வாந்தி, வயிற்று வலி வரலாம். பக்குவப்படுத்திய வற்றல் வேறு, செடியில் பறித்த பச்சைக்காய் வேறு.

4. கெமுந்திங்
கிளந்தான், திரங்கானு கடற்கரை மணல்வெளியில் வளரும் புதர். கருநீலப் பழம் இனிப்பாக இருக்கும். இதிலும் ஆந்தோசயனினும் நார்ச்சத்தும் உண்டு. மலாய்க் கிராமங்களில் இதை வயிற்றுப்போக்குக்குப் பயன்படுத்தி வந்தார்கள். வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். "குருவி தின்னுது, நாமும் தின்னலாம்" என்பது தவறு. பறவைக்கு ஒத்துக்கொள்வது மனிதனுக்கு நஞ்சாகலாம். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பறிக்காதீர்கள், களைக்கொல்லி தெளித்திருப்பார்கள். பெயர் தெரியாத பழத்தைத் தொட வேண்டாம்.

இனி, கட்டுரைக்கு வருவோம். 'நாவல் கொட்டை இனிப்புநீரைக் குணப்படுத்தும்' என்பதை இப்படி மாற்றலாம்: 'நாவல் கொட்டையை இனிப்புநீருக்குப் பயன்படுத்துவது நம் முன்னோர் வழக்கம்; எனினும், மருத்துவர் தரும் மருந்தைக் கைவிடலாகாது.' முன்னோர் அறிவை மதிக்கிறோம்; படிப்பவரைத் தவறான வழியிலும் விடவில்லை.

பயிற்சி: ஆசிரியர்களே, மாணவர்களை நால்வர் குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு பழத்தை எடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, 'சத்து, வழக்கம், எச்சரிக்கை' என மூன்று கட்டங்களில் நிரப்பட்டும். அதை வைத்தே 120 சொற்களில் ஒரு விளக்கக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.